ஒட்டுப்பால் உருண்டையில் தொடங்குங்கள்: தோட்டப் பட்டணத்தில் அருங்காட்சியக உரை நடத்த ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்திய முதல் உரைக்கு 11 பேர் வந்திருந்தார்கள். அதில் 4 பேர் ஏற்பாட்டுக் குழு, ஒருவர் மண்டபத்துச் சாவியை வைத்திருந்தவர். தலைப்பு ‘உலகின் பண்டைய நாகரிகங்கள்’. எகிப்து, மெசபடோமியா, சீனா என்று ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. பேச்சாளர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் பேசினார். ஆனால் அந்த உரையை எந்த ஊரில் வேண்டுமானாலும் பேசலாம். விடியற்காலை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அரை மணி நேரத்தில் தலை சாய்ந்துவிட்டது.

நான்காவது உரைக்கு நாற்காலி போதவில்லை. அன்றைக்கு மேசை மேல் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்றும், மரப்பட்டையைச் சீவும் பால் உளி ஒன்றும், காய்ந்த ரப்பர் பாலைச் சுற்றிச் செய்த ஓர் ஒட்டுப்பால் உருண்டையும் இருந்தன. வேறு பெரிய மாற்றம் எதுவும் நாங்கள் செய்யவில்லை.

அருங்காட்சியகத்திலிருந்து பேச்சாளரை ஊருக்கு அழைத்து நடத்துகிற உரைத் தொடர் இது. கோயில் நிர்வாகமோ, பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, இளைஞர் மன்றமோ, யார் நடத்தினாலும் சரி, எங்கள் அனுபவத்தில் தேறியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: பேச்சாளருக்கு முன்னால் பொருள்

உரைத் தொடர் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி “யாரைக் கூப்பிடலாம்?” என்பதுதான். அதைக் கொஞ்சம் ஒத்திப் போடுங்கள். “யார் வீட்டில் என்ன இருக்கிறது?” என்று கேட்டுக்கொண்டு ஒரு மாதம் சுற்றுங்கள். தோட்டத்தில் இப்போது நம் ஆட்கள் குறைவு. பெரும்பாலோர் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்தபோது கையோடு கொண்டுவந்த சாமான்கள் கட்டிலுக்கு அடியிலும் சாமி அறையின் மூலையிலும் இன்னும் இருக்கின்றன: பீங்கான் மங்கு, தோளில் சுமை தூக்கும் காண்டா கம்பு, பால் வாளி, கப்பல் ஏறி வந்த தகரப்பெட்டி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுத்த சிவப்பு அடையாள அட்டை, பல்லாங்குழி.

கிடைத்த ஒவ்வொரு பொருளிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது இந்த ஊருக்கு எப்படி வந்தது? இதோடு சொந்தம் கொண்டாடுகிற பொருள் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? முதல் கேள்வியில் உள்ளூர் வரலாறு வந்துவிடும், இரண்டாவதில் உலகப் பண்பாடு. இரண்டுக்கும் பதில் கிடைக்கிற பொருளைத்தான் தலைப்பாக வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தால் அதைக் கண்காட்சி மேசையில் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

அந்த நான்காவது உரை எப்படி நடந்தது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லா உரைகளையும் இந்த அச்சில்தான் வார்த்தோம்.

எண்பது வயதைத் தாண்டிய தாத்தா ஒருவர் துணிப் பையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்தார். பழைய உருண்டை இல்லை. முந்தின வாரம்தான் தெரிந்த சிறுதோட்டக்காரரிடம் கேட்டுப் பேரனுக்காகச் சுற்றியது. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் செய்த வேலைதான். வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நாடா நாடாவாக உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டே போனால் பந்தாகிவிடும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பார்த்தால் திட்டு விழும், ஒட்டுப்பாலுக்கும் எடை உண்டு, காசு உண்டு. தாத்தா அதைச் சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டார். அது அவர் தலைக்கு மேல் எழும்பி முன்வரிசையில் ஒரு பாட்டியின் மடியில் போய் விழுந்தது. அதற்கப்புறம் யார் தூங்குவார்கள்?

அங்கிருந்துதான் பேச்சாளர் ஆரம்பித்தார். மெக்சிகோவின் வளைகுடாக் கரையோரத்தில் எல் மனாத்தி என்று ஓர் இடம். அங்கே ஊற்றுச் சேற்றுக்குள் ரப்பர் பந்துகள் கிடைத்தன. வயது ஏறக்குறைய 3,600 ஆண்டுகள். சேறு காற்றுப் புகாமல் மூடிக்கொண்டதால்தான் அவை மக்காமல் தப்பின. அது நம்முடைய பால் மரம் இல்லை, காஸ்டில்லா என்கிற வேறொரு மரம். அதன் பாலில் ஒருவகை இரவில் பூக்கும் கொடியின் சாற்றைக் கலந்தால் பால் திரளும், திரண்டது நன்றாகத் துள்ளும். ஸ்டோரில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றிப் பாலை உறைய வைத்துப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு படம்கூடத் தேவைப்படவில்லை. அந்தக் கரையோரத்துப் பழங்குடியை ‘ஓல்மெக்’ என்கிறார்கள். பின்னாளில் ஆஸ்டெக் மக்கள் தங்கள் நாவாட்டில் மொழியில் வைத்த பெயர் அது. பொருள், ரப்பர் நாட்டார். “அப்படின்னா நாமளும் ஓல்மெக்தானே!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அப்புறம் உரை நம் ஊர்ப் பக்கம் திரும்பியது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 கோலகங்சாருக்கு. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது, நம் ஊரிலிருந்து அரை மணி நேரத் தூரம்தான். வேறு வேலையாக எத்தனையோ முறை அந்தப் பக்கம் போனவர்கள் மண்டபத்தில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு அப்படி ஒரு மரம் இருப்பதே தெரியாது.

கடைசியாக ரிட்லி. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்றவர். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லிசாகச் சீவிச் சீவிப் பால் எடுக்கிற முறையைச் சோதித்துக் காட்டியவர். ரப்பர் போடுங்கள், ரப்பர் போடுங்கள் என்று காப்பித் தோட்டத் துரைமார்களை நச்சரித்ததில் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பட்டமும் கிடைத்தது. இதைச் சொல்லி முடித்ததும் பேச்சாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். ஒரு மரக்கட்டையையும் உளியையும் முன்வரிசை அக்காவிடம் கொடுத்து, “எனக்குப் புத்தகத்தில்தான் தெரியும், நீங்கள் காட்டுங்கள்” என்று சொல்லி ஒதுங்கி நின்றார். எவ்வளவு சாய்வு வேண்டும், எவ்வளவு ஆழம் போகலாம், உளி உள்ளே இறங்கிக் காயம் போட்டால் பட்டை எப்படி முண்டு முண்டாக வளரும் என்று அக்கா பத்து நிமிடம் பாடம் எடுத்தார்.

பொருள், அதைக் கையாண்டவர், உலகம், மறுபடியும் ஊர். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இரண்டாம் படி: தொடரில் எதை எதை வைக்கலாம்

ஆண்டுக்கு ஆறு உரை போதும். மாதம் ஒன்று என்று ஆரம்பித்தவர்கள் மூன்றாம் மாதத்தில் களைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்கு நத்தையை விட்டால் வேறு தலைப்பு ஏது? சிப்புட் என்றால் மலாயில் நத்தை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நம் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்குக்குப் போகலாம். 1991-இல் குனோங் ருந்துக் குகையில் தோண்டி எடுத்த ‘பேராக் மனிதன்’ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையவர். கால்களை மடக்கிப் படுக்கவைத்து, கல் ஆயுதங்களோடும் குவியல் குவியலான ஆற்று நத்தை ஓடுகளோடும் புதைத்திருக்கிறார்கள். பிறவியிலேயே இடது கை சூம்பியவர், ஆனால் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். வேட்டையில் கிடைத்ததை யாரோ இவருக்குப் பங்கு வைத்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அந்தப் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இந்த உரைக்குப் பல்லாங்குழியும் கொண்டுவரச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் சொங்காக் பலகையோடு வருவார். இரண்டிலும் சோழி, இரண்டிலும் குழி. இதே குடும்பத்து ஆட்டம்தான் ஆப்பிரிக்காவில் மன்காலா. பிள்ளைகளை அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டால் உரை முடியும்வரை சத்தம் இருக்காது.

செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, ஒரு வண்டு. 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவுக்கு வந்த நான்கு கன்றுகள், 1917-இல் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே போட்ட முதல் வணிக நடவு என்பதெல்லாம் சொல்ல வேண்டியதுதான். ஆனால் நம் அம்மாமார்களுக்குத் தெரிந்த கதை வேறு. 1981 வரை பல தோட்டங்களில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் போட்டது மனிதக் கைதான், பெரும்பாலும் பெண்களின் கை. மகரந்தத்தை முகப்பவுடர் மாதிரியான டால்க் தூளில் கலந்து, முள் குத்தக் குத்தப் பாளைக்குள் ஊதுவார்கள். அந்த ஆண்டு கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்கா செம்பனையின் தாய் வீடு, அங்கே இந்த வேலையைச் செய்வது அந்த வண்டுதான். கொஞ்ச நாளில் மகரந்தம் போடுகிற வேலையே இல்லாமல் போயிற்று. அந்த வேலை பார்த்த ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள். இன்னும் பத்து ஆண்டு கழித்துத் தேடினால் கிடைப்பார்களோ என்னவோ.

உலுவில், அதாவது ஆற்றின் மேல்பகுதிக் காட்டுப் பக்கம், இருக்கிற பூர்வகுடிகளான தெமியார் மக்களைப் பற்றி உரை வைத்தால், தெமியார் ஒருவரே பேசட்டும். அவர்களுடைய சேவாங் நடனத்தை ஆடிக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, விளக்கம் மட்டும் வேறு யாரோ கொடுப்பது மரியாதையில்லை. தோட்டத்தில் இப்போது வேலை செய்கிற வங்காளதேசியையும் இந்தோனேசியரையும் மறந்துவிடாதீர்கள். ஊருக்குப் பணம் அனுப்புவது, கடிதத்துக்குக் காத்திருப்பது பற்றி எங்கள் பாட்டி ஒருவரும் வங்காளதேசித் தம்பி ஒருவரும் அரைகுறை மலாயில் பேசிக்கொண்டதைக் கேட்ட பிறகு, அதைவிட நல்ல உலகப் பண்பாட்டு உரை எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு கனமான தலைப்புகள்: ஜப்பானியர் ஆட்சியில் போட்ட சயாம் மரண ரயிலும், கம்யூனிஸ்டுப் போராளிகளை எதிர்த்து நடந்த அவசரகாலமும். இவற்றை முதல் ஆண்டில் எடுக்க வேண்டாம். சயாம் – பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் போனார்கள், பலர் திரும்பவில்லை. அந்தக் குடும்பத்தார் மண்டபத்தில் இருப்பார்கள். அதனால் முன்கூட்டியே வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அன்று ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழவைக்காதீர்கள். அவசரகாலமோ நம் ஊர் வாசலிலேயே தொடங்கியது. 1948 ஜூன் 16-இல் எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அப்போது புதுக்கிராமத்தில் குடியேற்றப்பட்ட சீனக் குடும்பம், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், கம்பிவேலிக்குள் அடைபட்ட லயத்துக்காரர் மூவரும் ஒரே வரிசையில் உட்காருவார்கள். நடத்துநர் வேலை எல்லோரையும் பேசவிடுவதுதான், தீர்ப்புச் சொல்வதில்லை.

பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலையும், அதற்கு மறுமொழியாக 1960-இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தையும் தனி உரையாக வைக்கலாம். அவர் பிறந்த ஊர் இது. பழைய பங்குச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள் என்று ஒரு வரி போட்டால் போதும், கூட்டம் தானாக வரும்.

மூன்றாம் படி: கடிதம்

பொருளும் தலைப்பும் முடிவான பிறகு அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். எங்களுக்குப் பக்கம் தைப்பிங்கில் இருக்கும் பேராக் அருங்காட்சியகம். 1883-இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. கடிதம் மலாயில், ஒரே பக்கம். “ஓர் உரை வேண்டும்” என்று மொட்டையாக எழுதினால் பொது உரைதான் கிடைக்கும். “எங்களிடம் இந்தப் பொருள் இருக்கிறது, இதைக் கையாண்ட இன்னார் இருக்கிறார், இதைப் பற்றி 40 நிமிடம் பேச ஒருவர் வேண்டும்” என்று எழுதி, பொருளின் படத்தையும் இணையுங்கள். அதைப் படிக்கிற அதிகாரிக்கும் ஆர்வம் வரும். மூன்று மாத அவகாசம் கொடுங்கள். மாதிரிப் பொருள்கள் கொண்டுவர முடியுமா என்றும் கேளுங்கள். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று விசாரியுங்கள். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் எங்கள் கடிதம் இரண்டு மாதம் ஒரு கோப்புக்குள் தூங்கியது. நாங்களும் பதில் வரும் வரும் என்று தூங்கினோம்.

பெட்ரோலுக்கும் டோலுக்கும் ஒரு தொகையை உறையில் போட்டு வையுங்கள். மாலை, பொன்னாடை என்று செலவு செய்ய வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பிசாங் கோரேங் (வாழைப்பழ பஜ்ஜி) வாங்கினால் ஊரே சாப்பிடும்.

நான்காம் படி: நாளும் இடமும்

ஞாயிறு காலை கல்யாணம், சனி இரவு கோயில். பால் வெட்டுகிறவர்கள் விடியலுக்கு முன் எழுந்து, மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்வார்கள். ஆகவே ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும். தைப்பூசம், தீபாவளிக்கு முந்தைய வாரங்கள், நோன்பு மாதம் மூன்றையும் விட்டுவிடுங்கள். கோயில் மண்டபம் சௌகரியம்தான், ஆனால் எல்லா இனத்தாரும் தயங்காமல் வர வேண்டுமென்றால் பள்ளி மண்டபமோ ஊர்ப் பொது மண்டபமான பாலாய் ராயாவோ மேல். பழைய தகரக் கூரை என்றால் மழை பெய்தால் பேச்சு கேட்காது. ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டோம்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) அழைப்பு அனுப்பினால் பெருவிரல் படம் நிறைய வரும், ஆள் வராது. வீடு வீடாகப் போய், “பாட்டி, உங்க மங்கைப் பற்றித்தான் பேசப் போறாங்க, நீங்க இல்லாம எப்படி?” என்று கேட்டால் பாட்டி மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வருவார்.

ஐந்தாம் படி: மொழிபெயர்ப்பாளர்

பேச்சாளர் பெரும்பாலும் மலாயில் பேசுவார். இளையவர்களுக்குப் புரியும், பெரியவர்களுக்குச் சந்தை மலாய்தான் தெரியும். அதனால் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். மூன்று நாள் முன்பே பேச்சாளரிடம் முக்கியமான சொற்களின் பட்டியலை வாங்கி அவரிடம் கொடுத்துவிடுங்கள். நாங்கள் கொடுக்கவில்லை. பேராக் மனிதனைப் பற்றிய உரையில் எங்கள் தம்பி, பேராக் என்றால் மலாயில் வெள்ளிதானே என்று ‘வெள்ளி மனிதன்’ ஆக்கிவிட்டான். முதலில் எல்லோரும் வெள்ளிச் சிலை என்று நினைத்தார்கள். அப்புறம் ஒரு பெரியவர் எழுந்து, “மொத்தம் எத்தனை வெள்ளி பெறும்?” என்று கேட்டார். நம் ஊர்த் தமிழில் ரிங்கிட்டையும் வெள்ளி என்போம், அவர் கேட்டது விலையை. அதை மலாயில் பேச்சாளருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தம்பி முழித்ததை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

ஆறாம் படி: பொருள்களைக் காப்பது

மக்கள் நம்பிக் கொடுத்த பொருள் தொலைந்தால் தொடர் அன்றோடு முடிந்தது. வாங்கும்போதே மூன்று பக்கத்திலிருந்து படம் எடுங்கள். இரட்டைப் பிரதி ரசீதுப் புத்தகத்தில் பொருளின் பெயர், ஏற்கெனவே உள்ள கீறல், விரிசல் எல்லாம் எழுதி ஒரு தாளை உரிமையாளரிடம் கொடுங்கள். நூலில் அட்டை கட்டி எண் போடுங்கள், பசை வேண்டாம். அன்று மாலையே திருப்பிக் கொடுங்கள்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நம் வீட்டுப் பழக்கம் அப்படித்தான், ஆனால் பழைய எழுத்தும் முத்திரையும் அதில் போய்விடும். பழைய புகைப்படத்தைப் பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. படத்தின் பின்னால் பேனாவில் எழுதாமல் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். அடையாள அட்டையை மேசையில் வைத்தால் எண்ணை மறைத்து வையுங்கள். யாரும் அதைப் படம் எடுத்துப் புலனத்தில் போடக் கூடாது.

ஏழாம் படி: அன்றைய மாலை

கடைசி அரை மணி நேரம் கேள்விக்கென்று சொல்லிவிட்டு, “கேள்வி இருக்கா?” என்று கேட்டால் மண்டபம் மௌனமாகிவிடும். “இதை வேறு மாதிரி பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?” என்று கேளுங்கள், நாலு பேர் எழுவார்கள். நீளமாகப் பேசுகிறவரைக் கையசைத்து உட்காரச் சொல்லாதீர்கள். “தேத்தண்ணி நேரத்தில் இதை முழுசாச் சொல்லுங்கண்ணே, பதிவு பண்ணிக்கிறோம்” என்றால் அவருக்கும் பெருமை, உங்களுக்கும் பதிவு. கைப்பேசியில் பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். பெயர், தோட்டம், எந்த ஆண்டுகளில் அங்கே இருந்தார் என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயால் சொல்ல வையுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டதில் எங்களிடம் ஆறு குரல்கள் யாருடையவை என்றே தெரியாமல் கிடக்கின்றன.

எட்டாம் படி: பயணம்

ஆறு உரை முடிந்ததும் ஒரு பஸ் எடுத்துத் தைப்பிங் போய் வாருங்கள். போவதற்கு முன் அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா, ஏதாவது கூடம் பழுதுபார்ப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். போகிற வழியில் கோலகங்சாரில் அந்த மரத்தடியில் 20 நிமிடம். அங்கேயே காலைச் சாப்பாட்டையும் முடித்துவிடலாம். உள்ளே எல்லாக் கூடத்தையும் பார்க்க ஆசைப்பட வேண்டாம். பெரியவர்களுக்குக் கால் வலிக்கும். உங்கள் உரைகளோடு தொடர்புள்ள நாலைந்து பொருளைக் குறித்து வைத்துக்கொண்டு அங்கே மட்டும் நின்று பாருங்கள். பக்கத்திலேயே உட்கார இடம் எங்கே என்றும் முதலிலேயே பார்த்து வையுங்கள்.

திரும்பும்போது பஸ் கிளம்பும் முன் பெரட்டு எடுங்கள். பெயர் கூப்பிட்டு, ஆள் பார்த்து, பழைய தோட்டத்துப் பெரட்டு மாதிரியே. நாங்கள் தலையை மட்டும் எண்ணினோம், யாருடைய மடியிலோ இருந்த குழந்தையையும் சேர்த்து எண்ணிவிட்டோம் போல. பத்து நிமிடம் போன பிறகுதான் உருண்டைத் தாத்தா இல்லை என்று தெரிந்தது. பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போனால், வாசலில் காவலரின் நாற்காலியில் உட்கார்ந்து, விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு நிற்பது எப்படி என்று அவருக்கு மலாயில் விளக்கிக்கொண்டிருந்தார்.